அக்கி காய்ந்துவிட்டது, எரிச்சல் மட்டும் ஏன் போகவில்லை? – வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

கேள்வி: டாக்டரம்மா, என் வீட்டுக்காரருக்கு 63 வயது. கம்பத்திலிருந்து மலைக்கு, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டியவர். ஆறு மாதத்துக்கு முன் இடது விலாவில் அக்கி வந்தது. மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் போய், அக்கி மேல் காவியால் எழுதிக்கொண்டு வந்தோம், அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார். இரண்டு மூன்று வாரத்தில் கொப்புளம் எல்லாம் காய்ந்து உதிர்ந்துவிட்டது, எரிச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது. சட்டை பட்டால் துள்ளுகிறார். ஃபேன் காற்று பட்டால்கூட, மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி காந்துது என்கிறார். ஒரு டாக்டர் ராத்திரிக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் என் தம்பி மகன், அது மனநோய்க்குக் கொடுக்கிற மாத்திரை என்று சொன்னதும் இவர் தூக்கிப் போட்டுவிட்டார். இவருக்கு மனசில் ஒரு கோளாறும் கிடையாது. இந்த வலி நிஜமா, இல்லை நினைப்பா?
– ஒரு வாசகி, கம்பம்

பதில்: நிஜம்தான் அம்மா. அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். என்னிடம் ஒருவர் வந்தார், சட்டையைக் கழற்றினால் உள்ளே பனியனில் விலாப்பக்கம் மட்டும் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டி எடுத்திருக்கிறது. துணி படக்கூடாது என்று அவராகவே செய்துகொண்ட வைத்தியம். தோலைப் பார்த்தால் லேசாக வெளுத்த தழும்பு நாலைந்து, அவ்வளவுதான். ஒரு பஞ்சை எடுத்து மெல்லத் தடவினேன், மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் விளிம்பைப் பிடித்தார். அந்த இடத்தையே விரலால் அழுத்தினால் அவ்வளவு வலிக்கவில்லை. காற்று பட்டால் எரியும், அழுத்தினால் தாங்கும் என்கிற இந்த வினோதத்தைக் கேட்டுத்தான் வீட்டில் இருப்பவர்களுக்கு 'நடிக்கிறாரோ' என்று தோன்றிவிடுகிறது. நடிப்பில்லை. நரம்பு வலியின் அடையாளமே அதுதான்.

சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை, முதுகெலும்பை ஒட்டிய நரம்பு வேரில் பல வருஷம் படுத்துக் கிடக்கும். வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது எழுந்து, ஏதாவது ஒரு நரம்பின் வழியாகவே தோலுக்கு வரும். அதனால்தான் அக்கி பெரும்பாலும் ஒரு பக்கமாக, பட்டை போல வருகிறது. தோல் ஆறிவிட்டது, சரி. ஆனால் கிருமி வந்த வழி, அந்த நரம்பு, காயம் பட்டுக் கிடக்கிறது. கூப்பிடாமலே குரல் கொடுக்கிறது. இது பாதிக் கதைதான். மீதிப் பாதி முதுகுத்தண்டிலும் மூளையிலும் நடக்கிறது, அந்த மாத்திரையின் வேலையும் அங்கேதான்.

நம் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வருகிறது, வயலுக்குள் எவ்வளவு போகவேண்டும் என்பதை மடைதான் தீர்மானிக்கிறது. உடம்பிலிருந்து வரும் வலிச் செய்திக்கும் முதுகுத்தண்டில் அப்படி ஒரு மடை இருக்கிறது என்று 1965-இல் மெல்சாக், வால் என்ற இரண்டு பேர் சொன்னார்கள். அவர்கள் சொன்ன விவரம் சில பிறகு மாறிவிட்டாலும், மடை இருக்கிறது என்பது நின்றுவிட்டது. சரி, அந்த மடையைத் திறப்பதும் அடைப்பதும் யார்? அதில் பெரிய பங்கு மூளைக்கு. நடுமூளையில், மூளைக்குள் ஊறும் நீர் ஓடும் மெல்லிய குழாய் ஒன்று உண்டு, அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் நரம்பணுக்களின் கூட்டம். 1969-இல் ரெனால்ட்ஸ் என்பவர் எலிகளின் மூளையில் அந்த இடத்தில் லேசாக மின்சாரம் செலுத்தினார், மயக்க மருந்தே கொடுக்காமல் வயிற்றில் அறுவை செய்ய முடிந்தது. மூளைக்குள்ளிருந்து வலியை அடைக்க முடியும் என்பதை அது கண்முன்னே காட்டியது.

அந்த இடத்திலிருந்து உத்தரவு நேராக முதுகுத்தண்டுக்குப் போவதில்லை, கழுத்துக்கு மேலே மூளைத்தண்டின் அடிப்பகுதியில் ஒரு நிறுத்தம் இருக்கிறது. அங்கே இரண்டு வகை அணுக்கள் வேலை செய்கின்றன, ஒன்று மடையை அடைக்கும், இன்னொன்று திறந்துவிடும். சாதாரண நாளில் இரண்டும் இழுத்துப் பிடித்து ஒரு மாதிரி சமமாகப் போகும். நரம்பு அடிபட்டு நாளானால் திறந்துவிடும் பக்கத்தின் கை ஓங்கிவிடுகிறது. நரம்பைக் காயப்படுத்திய எலிகளில் ஒரு சோதனை செய்திருக்கிறார்கள், எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அதுதான். மூளைத்தண்டின் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்தால், காயம் அப்படியே இருக்கும்போதே வலி தணிகிறது. ஆனால் முதல் சில நாட்கள் வலி தொடங்குவதற்கு அந்த இடம் தேவையே இல்லை, பிறகு அது நீடிப்பதற்குத்தான் தேவை. அதாவது வலியை ஆரம்பித்து வைப்பது விலாவில் இருக்கும் நரம்பு, மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவதில் மூளைத்தண்டுக்கும் பங்கு உண்டு. கூடவே முதுகுத்தண்டில் தொடுவுணர்வையும் வலியையும் பிரித்து வைக்கும் காவல் அணுக்களும் தளர்ந்துபோகின்றன. சட்டைத் துணியின் செய்தி வலியின் வாய்க்காலில் போய்க் கலந்துவிடுகிறது. ஃபேன் காற்று காந்துவது இதனால்தான்.

இப்போது அந்த மாத்திரைக்கு வருவோம். பெரும்பாலும் அது அமிட்ரிப்டிலினாக இருக்கும். மனச்சோர்வுக்கு வந்த மருந்துதான், தம்பி மகன் சொன்னதில் தவறில்லை. ஆனால் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு வேறு, இங்கே ராத்திரியில் 10 அல்லது 25 மில்லிகிராம் என்று சின்ன அளவில் தொடங்குவோம். மூளைத்தண்டிலிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கிவரும் 'அடை' என்ற உத்தரவை நாரட்ரினலின் என்ற ரசாயனம் சுமந்து வருகிறது, அது சீக்கிரம் கரைந்து போகாமல் இந்த மருந்து பார்த்துக்கொள்கிறது. மடையை அடைக்கிறவர் கைக்குக் கொஞ்சம் பலம் கொடுப்பது, அவ்வளவுதான். உங்கள் வீட்டுக்காரருக்கு மனநோய் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. உலக அளவில் நரம்பு வலி நிபுணர்கள் 2015-இல் கூடி வெளியிட்ட பரிந்துரையில் முதல் வரிசை மருந்துகளில் இந்த வகை இருக்கிறது, டூலாக்ஸெடின், கபாபென்டின், பிரிகாபலின் இவையும் இருக்கின்றன. தலைவலி மாத்திரை மாதிரி அரை மணி நேரத்தில் தெரியாது, இரண்டு மூன்று வாரமாவது பொறுக்கவேண்டும். வாய் உலரும், காலையில் கொஞ்சம் அசதியாக இருக்கும், மலச்சிக்கல் வரும். இதயத்தில் துடிப்புக் கோளாறு, பிராஸ்டேட் வீக்கம், கண் அழுத்தம் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வேறு மருந்து பார்ப்பார். தூக்கிப் போட்டதை எடுத்து அவராகவே சாப்பிட ஆரம்பிக்க வேண்டாம், எழுதிக் கொடுத்தவரிடம் திரும்பப் போய், ஏன் நிறுத்தினோம் என்பதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

அப்புறம் வேளார் எழுதியது. நீங்கள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை, ஆனால் அன்று ராத்திரி தூங்கினார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை நான் நம்புகிறேன். காவி குளிர்ச்சியாக இருந்திருக்கும், அது ஒன்று. இன்னொன்று, தெரிந்த ஊரில் தெரிந்த கை, இனி சரியாகிவிடும் என்ற தைரியம். அந்தத் தைரியம் மூளைக்குள் வெறும் எண்ணமாக நிற்பதில்லை. 1978-இல் அமெரிக்காவில் பல் பிடுங்கிய நோயாளிகளுக்கு, வலி மருந்தாக இருக்கலாம் என்று சொல்லி மருந்தே இல்லாத ஊசியைப் போட்டார்கள், சிலருக்கு வலி குறைந்தது. பிறகு, அபினின் வேலையைத் தடுக்கும் நலோக்சோனைக் கொடுத்ததும் அந்தச் சிலருக்கு வலி திரும்ப வந்துவிட்டது. அபினே கொடுக்காதபோது அபினைத் தடுக்கும் மருந்து எதைத் தடுத்தது? அவர்கள் மூளையே சுரந்த சரக்கைத்தான். ஆகவே அந்த ஒரு ராத்திரித் தூக்கத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அக்கிக் கிருமியைக் காவி கொல்லாது. கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் கிருமிக்கு எதிரான மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும், எழுதப் போகிறவர்கள் வழியில் ஆஸ்பத்திரியையும் பார்த்துவிட்டுப் போங்கள். இந்த வட்டாரத்தில் மூன்றாம் நாளும் நான்காம் நாளும் தாண்டி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு ஆறவில்லை. 50 வயது தாண்டியவர்களுக்கு அக்கித் தடுப்பூசியும் 2023-இலிருந்து நம் நாட்டில் கிடைக்கிறது. இரண்டு தவணை, விலை அதிகம்தான், முடிந்தவர்கள் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: மேடம், மூளையே அபின் மாதிரி ஏதோ சுரக்கிறது என்று படித்தேன். பல்லவராயன்பட்டி ஜல்லிக்கட்டில் என் நண்பனுக்குத் தொடையில் கொம்பு கிழித்துவிட்டது, வெளியே வந்து யாரோ ரத்தத்தைக் காட்டும்வரை அவனுக்குத் தெரியவே இல்லை. அதுவும் இதுதானா?
– கல்லூரி மாணவர், உத்தமபாளையம்

பதில்: இதுவும்தான் தம்பி. நண்பருக்குத் தையல் நன்றாக ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். உயிர் தப்பவேண்டிய நேரத்தில் நொண்டிக்கொண்டு நின்றால் ஆகாது, அதனால் மூளை மேலேயிருந்து மடையை இறுக்கி அடைத்துவிடுகிறது. அதற்குப் பயன்படும் ரசாயனங்களில் அபினின் சொந்தக்காரர்களும் உண்டு.

இது தெரியவந்த கதை நேர்மாறாக நடந்தது. கசகசாச் செடியின் காயைக் கீறி எடுக்கும் பாலிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்து 200 வருஷத்துக்கு மேலாகிறது. அது மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்பது 1973-இல்தான் தெரிந்தது, அமெரிக்காவில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் அதற்கான ஏற்பிகளைக் கண்டுபிடித்தார்கள், அதே வருஷம் வேறு ஆய்வுக்கூடங்களும். எங்கோ விளையும் ஒரு செடியின் பாலுக்காக நம் மூளை எதற்குப் பூட்டு செய்து வைத்திருக்க வேண்டும்? அப்படியானால் உள்ளேயே ஒரு சாவி இருந்தாக வேண்டும். 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஹ்யூஸும் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து அந்தச் சாவியை எடுத்துக் காட்டினார்கள், பெயர் என்கெஃபலின். எண்டார்ஃபின் என்று நீங்கள் கேள்விப்பட்டது அதற்கு உறவு.

இந்த ஏற்பிகள் நான் முன் பதிலில் சொன்ன நடுமூளையிலும் மூளைத்தண்டிலும் முதுகுத்தண்டு மடையிலும் இருக்கின்றன. இன்னொரு முக்கியமான இடம் நெற்றிக்குப் பின்னால், இரண்டு அரைக்கோளங்களும் சந்திக்கும் உட்பக்கத்தில் இருக்கும் ஒரு மடிப்பு. வலி எங்கே, எவ்வளவு என்பதை வேறு பகுதிகள் கணக்குப் போடும், அந்த வலி எவ்வளவு துன்பப்படுத்துகிறது என்பதில் இந்த மடிப்புக்கு வேலை அதிகம். மார்ஃபின் போட்டவர்கள் சிலர் 'வலி இருக்குது டாக்டர், ஆனா என்னைத் தொந்தரவு பண்ணல' என்பார்கள். அந்த வார்த்தையை நானே படுக்கையருகில் நின்று கேட்டிருக்கிறேன்.

கேள்வி: லோடு இறக்கி இறக்கி முதுகு போய்விட்டது, இடுப்பிலிருந்து குதிகால்வரை கரண்ட் அடிக்கிற மாதிரி இழுக்கிறது. மூன்று வருஷம் ஆகிறது. தெரிந்தவர் ஒருவர் சீட்டு இல்லாமல் டிராமடால் வாங்கித் தருகிறார். முதலில் ஒன்று போட்டால் ஒரு நாள் ஓடியது, இப்போது நாலு போட்டாலும் போதவில்லை. இன்னும் வீரியமான மாத்திரை எது என்று சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், போடி

பதில்: அண்ணே, நான் சொல்லமாட்டேன், ஏன் என்பதை மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள். டிராமடாலும் அபின் குடும்பத்து ஏற்பியில் போய் ஒட்டுவதுதான். காயம் பட்ட முதல் நாட்களில், எலும்பு முறிவில், அறுவைக்குப் பிறகு இந்தக் குடும்பம் நன்றாக வேலை செய்யும். நரம்பே பழுதாகி மாதக்கணக்கான வலியில் அந்த அளவுக்குச் செய்வதில்லை. காரணம், அடிபட்ட நரம்பின் முனையில் அபின் ஒட்டவேண்டிய ஏற்பிகளே குறைந்துவிடுகின்றன, போதாததற்கு அபினின் வேலையை முறிக்கும் ரசாயனங்களும் அங்கே கூடுகின்றன. பூட்டு இல்லாத கதவுக்கு எத்தனை சாவி கொடுத்தாலும் என்ன? அதனால்தான் அதே 2015 பரிந்துரையில் டிராமடால் இரண்டாம் வரிசைக்கும், அதைவிட வீரியமான அபின் குடும்பத்து மருந்துகள் மூன்றாம் வரிசைக்கும் போயின.

நீங்கள் ஒன்றிலிருந்து நாலுக்கு வந்ததும் உங்கள் பலவீனம் இல்லை. வெளியிலிருந்து தினமும் சரக்கு வந்தால் ஏற்பி மரத்துப் போகும், மூளை தன் சொந்தச் சுரப்பைச் சேர்த்தே கணக்கு மாற்றிக்கொள்ளும். சிலருக்கு இன்னும் மோசமாக, மூளைத்தண்டில் திறந்துவிடும் பக்கமே பலப்பட்டு, மாத்திரையே வலியைக் கூட்டத் தொடங்கிவிடுகிறது. டிராமடாலில் கூடுதலாக ஒன்று, அளவு மீறினால் வலிப்பு வரும். மூச்சை நடத்தும் அணுக்களும் மூளைத்தண்டில்தான் இருக்கின்றன, அவற்றின் மேலும் இதே ஏற்பி உண்டு. மாத்திரையோடு ராத்திரி குடியும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். நான் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை.

2018-லிருந்து டிராமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது, சீட்டில்லாமல் வாங்கிக் கொடுப்பவரும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீர்கள். ஆனால் நாளைக் காலையே நாலையும் நிறுத்திவிடாதீர்கள், உடம்பு நடுங்கும், வயிறு போகும், தூக்கம் வராது, இரண்டாம் நாள் திரும்ப அந்த ஆளிடமே போய் நிற்பீர்கள். அரசு மருத்துவமனைக்குப் போய் எவ்வளவு போடுகிறீர்கள் என்பதை உள்ளது உள்ளபடி சொல்லுங்கள், படிப்படியாகக் குறைத்துத் தருவார்கள், நரம்பு வலிக்கான மருந்தைக் கூடவே தொடங்குவார்கள், முதுகையும் பார்ப்பார்கள். கால் பெருவிரலைத் தூக்க முடியவில்லை, சிறுநீர் வருவது தெரியவில்லை, உட்காரும் இடம் மரத்துப் போகிறது என்று இருந்தால் அன்றைக்கே போகவேண்டும், அது அவசரம்.

கேள்வி: அக்கா, நாங்கள் வண்டன்மேடு பக்கம் எஸ்டேட் லயத்தில் இருக்கிறோம், சொந்த ஊர் தேனிப் பக்கம். அம்மாவுக்குப் புற்றுநோய், இடுப்பு நரம்பில் பரவிவிட்டது. இங்கே பஞ்சாயத்திலிருந்து பாலியேட்டிவ் (வலி தணிப்புச் சிகிச்சை) சிஸ்டர் வீட்டுக்கே வந்து பார்க்கிறார், டாக்டர் மார்ஃபின் மாத்திரை எழுதியிருக்கிறார். ஊரிலிருந்து வந்த மாமா, அபினைக் கொடுத்துச் சீக்கிரம் அனுப்பப் பார்க்கிறார்கள் என்று சொல்லி மாத்திரையை ஒளித்து வைத்துவிட்டார். முன் இதழில் நீங்களும் போதை மாத்திரை வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். நான் என்ன செய்வது?
– ஒரு வாசகி, இடுக்கி மாவட்டம்

பதில்: மாத்திரையை எடுத்துக் கொடும்மா, டாக்டர் எழுதியபடி, மணி தவறாமல். முன் இதழில் நான் எழுதியது சீட்டில்லாமல் விழுங்கும் பழக்கத்தைப் பற்றி. உன்னைப் போல ஒரு பெண்ணை அது குழப்பும் என்று யோசித்து எழுதியிருக்க வேண்டும், என் தவறு.

போடிக்காரருக்கு வேண்டாம் என்றேன், உன் அம்மாவுக்கு வேண்டும் என்கிறேன், இரண்டும் முரண் இல்லை. அம்மாவின் வலியில் நரம்பு வலி ஒரு பங்குதான். கட்டி எலும்பையும் தசையையும் அழுத்தும் வலியும் அதில் இருக்கிறது, அதற்கு மார்ஃபின் நன்றாகக் கேட்கும். நரம்பின் பங்குக்காக அநேகமாக வேறு ஒரு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள், சிஸ்டரிடம் கேட்டுப் பார். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை சுமார் நாலு மணி நேரம், அதனால் வலி வந்தபிறகு கொடுப்பது என்று வைத்துக்கொள்ளாமல் நேரப்படி கொடுக்கவேண்டும். சரியான அளவில், வலிக்கு ஏற்றபடி கூட்டிக்கொண்டு போகும்போது அது ஆயுளைக் குறைப்பதில்லை. மலச்சிக்கல் மட்டும் கட்டாயம் வரும், பேதி மருந்தைக் கூடவே கேட்டு வாங்கு. எழுப்பினாலும் எழாத அளவுக்கு அம்மா மயங்கினால் உடனே சிஸ்டருக்குப் போன் பண்ணு.

மாமா மேல் கோபப்படாதே. அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபின் விளைகிறது, நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசாங்கத் தொழிற்சாலையே இருக்கிறது. ஆனால் 1985-இல் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு, மாநிலத்துக்கு மாநிலம் உரிமத்துக்கு அலைந்து ஆஸ்பத்திரிகள் மார்ஃபினை வைப்பதையே விட்டுவிட்டன. ஒரு தலைமுறை டாக்டர்களே அந்த மாத்திரையைக் கையில் தொடாமல் படித்து வெளியே வந்தோம், நானும் அதில் ஒருத்தி. கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் வலி தணிப்புச் சங்கம் தொடங்கி, வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பழக்கத்தை வளர்த்தார்கள். 2008-இல் இந்தியாவிலேயே முதலாக அந்த மாநில அரசு இதற்குத் தனிக் கொள்கை அறிவித்தது. உன் லயத்துப் படியேறி வரும் சிஸ்டர் அந்த வழியில் வந்தவர். சட்டத்தையும் 2014-இல் திருத்தி, நோயாளிக்கு மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்கியிருக்கிறார்கள். மாமாவை ஒருநாள் சிஸ்டர் வரும் நேரத்தில் இருக்கச் சொல், மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து அம்மா திரும்பிப் படுக்கிறதை அவரே பார்க்கட்டும்.

கேள்வி: பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. ராத்திரியில் உள்ளங்கால் எரிச்சல் தாங்காமல் ஈரத் துணியைச் சுற்றிப் படுக்கிறேன். களிம்பு ஏதாவது?
– ஒரு வாசகர், கூடலூர் (தேனி மாவட்டம்)

பதில்: மிளகாயின் காரச்சத்தில் செய்த களிம்பு இருக்கிறது ஐயா, முதல் சில நாட்கள் எரிச்சல் கூடி, பிறகு அந்த நரம்பு முனை சோர்ந்து அடங்கும். கால் வெடிப்பு, புண் இருந்தால் போடக்கூடாது, போட்ட கையால் கண்ணைத் தொடக்கூடாது. அதற்கு முன்னால் இரண்டு காரியம். மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிடுகிறவராக இருந்தால் ரத்தத்தில் பி12 எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள், அது குறைந்தாலும் கால் இப்படியே எரியும், ஈடுசெய்துவிடலாம். இரண்டாவது, எரிகிற காலுக்கே சுரணை குறைவாகவும் இருக்கும், முள் குத்தினால் தெரியாது. ராத்திரி படுக்கும் முன் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து இரண்டு உள்ளங்காலையும் பாருங்கள், விரலிடுக்கையும் சேர்த்து. ஈரத் துணியை விட்டுவிடுங்கள், தோல் ஊறிப் பிளந்தால் புண் அங்கேயிருந்துதான் தொடங்கும்.